சம்பூர்ணத்தின் தொடையில் ஓடிய தறி

சம்பூர்ணத்தின் இடது தொடைக்குள் தறி ஓட ஆரம்பித்தது ஆவணி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் பன்னிரண்டு மணி மூன்று நிமிடத்துக்கு, கரண்ட் போன அடுத்த மூச்சில். வாய்க்கால் வீதியின் நூற்று நாற்பது விசைத்தறிகளும் ஒரே சமயத்தில் வாயை மூடிக்கொள்ள, ராத்திரி ஷிப்டு முடித்து வந்து படுத்திருந்த ஆண்களும் பெண்களும் திடுக்கிட்டு எழுந்து உட்கார, சேலைத் தொட்டில்களில் கிடந்த குழந்தைகள் வீறிட்டு அழ, அந்த அமளிக்கு நடுவில் எங்கேயோ ஒரே ஒரு தறி மட்டும் சடக் லொடக், சடக் லொடக் என்று தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. மற்ற ஊர்க்காரர்களுக்குச் சத்தம் கேட்டால் தூக்கம் கெடும், வாய்க்கால் வீதிக்காரர்களுக்குச் சத்தம் நின்றால் கெடும். வயிற்றில் இருந்த நாளிலிருந்தே தறிச் சத்தத்தில் தூங்கிப் பழகிய உடம்புகள் அவை. அது கரண்ட் எப்போது வரும் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாத வருஷம். ஆனால் பகல் பன்னிரண்டுக்குப் போவது மட்டும் தவறாது.

யாரோ கமுக்கமாக ஜெனரேட்டர் வாங்கிவிட்டார்கள் என்றுதான் முதலில் எல்லோரும் நினைத்தார்கள். இருபத்து நான்கு தறிகளுக்குச் சொந்தக்காரரான நாச்சிமுத்து, தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் தன் வீதியில் எவன் வாங்கினான் என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கூடம் கூடமாக எட்டிப் பார்த்தார். லைன்மேன் வந்து கம்பியில் யாராவது கொக்கி போட்டிருக்கிறார்களா என்று அண்ணாந்து பார்த்துவிட்டு, கரண்டே இல்லாத கம்பியில் கொக்கி போட்டு என்ன பிரயோசனம் என்று தானே சிரித்துக்கொண்டார். கடைசியில் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே போன கூட்டம் தறி ஃபிட்டர் குழந்தைவேலுவின் வீட்டு வாசலில் போய் நின்றது. உள்ளே அவன் மனைவி சம்பூர்ணம், நின்றுபோன மிஷினுக்கு, தறி நாடாவுக்குள் வைக்கிற தார்க்கண்டில் நூல் சுற்றுகிற மிஷினுக்கு முன்னால், மடியில் நூலைப் போட்டுக்கொண்டு, யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டுத் தங்காயிதான் தைரியமாக அவள் தொடைமேல் கை வைத்தாள்.

“அக்கா, தறி உங்க தொடைக்குள்ளதானுங் ஓடுது” என்றாள்.

கட்டி அவளுக்குப் புதிதில்லை. ஆனி மாதத்திலேயே, குளிக்கும்போது, தொடையின் உள்பக்கம் முழங்காலுக்கு ஒரு சாண் மேலே, ஆழத்தில் ஒரு நெல்லிக்காய் உட்கார்ந்திருப்பதைத் தடவிப் பார்த்திருந்தாள். அமுக்கினால் வலிக்கவில்லை, வலிக்காததை யாரிடம் போய்ச் சொல்வது என்று விட்டுவிட்டாள். ஆவணி பிறந்தபோது நெல்லிக்காய் எலுமிச்சை ஆகியிருந்தது. அது இப்படி ஓடும் என்று மட்டும் அவளுக்குத் தெரியாது.

குழந்தைவேலுவைக் கூப்பிட ஆள் போனது. அந்த ஊரில் தறிக்கு நோவு என்றால் அவனைத்தான் கூப்பிடுவார்கள். கூடத்துக்குள் காலெடுத்து வைக்கும்போதே, நாற்பது தறிகள் இரைகிற இரைச்சலுக்கு நடுவில், ஏழாம் நம்பரில் ஊடுநூல் கொண்டு ஓடுகிற நாடா தட்டுகிறது என்று சொல்லிவிடுகிற காது. சந்தேகமாக இருந்தால் ஒன்றரை அடி நீளத் திருப்புளியின் முனையை மோட்டார்மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் அழுத்திக் கண்ணை மூடுவான், அப்புறம் அவன் சொல்வதுதான் தீர்ப்பு. அன்றைக்கும் அதையேதான் செய்தான். வீதியே வாசலை அடைத்துக்கொண்டு நிற்க, கட்டிய பெண்டாட்டியின் சேலைக்கு மேலே திருப்புளியை வைத்து, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, மூன்று நிமிடம் கேட்டான். சம்பூர்ணத்துக்கு அந்த மூன்று நிமிடமும் மானம் போனது.

“நிமிசத்துக்கு நூத்தி அறுவது. ஒரு அடி பிசகுல. நாடா தட்டுல, பெல்ட்டு வழுக்குல” என்றான். “ஓட்டம் சுத்தமுங்க.”

“வலிக்குதா புள்ள?” என்றார் நாச்சிமுத்து.

“இல்லீங்.”

“அப்பறம் என்ன?”

தறி ஓட்டுகிற ஜனங்களைத் தவிர வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார்கள். வேறு ஊராக இருந்தால் மந்திரிக்கக் கூட்டிப் போயிருப்பார்கள், பச்சிலை அரைத்துக் கட்டியிருப்பார்கள், குறைந்தபட்சம் பயந்தாவது இருப்பார்கள். வாய்க்கால் வீதியில் நோவு என்பது காதுக்குத் தெரிகிற சமாச்சாரம். கெட்டுப்போன தறிதான் தட்டும், கிரீச்சிடும், நூலை அறுக்கும். ஒழுங்காக ஓடுகிற ஒன்றில் கோளாறு இருக்கும் என்று அங்கே பால்குடி மறக்காத பிள்ளைகூட நம்பாது. குழந்தைவேலு சொல்லிவிட்டான், முடிந்தது. அவரவர் பாயை எடுத்துக்கொண்டு வந்தார்கள்.

ஆமாம், பாயை எடுத்துக்கொண்டுதான் வந்தார்கள். பகல் பன்னிரண்டு அடித்தால் வீதி முழுக்கச் செத்துப்போகும், சம்பூர்ணத்தின் வீட்டில் மட்டும் தறி ஓடும், அந்தச் சத்தம் கேட்கிற தூரத்துக்குள் எங்கெங்கே நிழல் இருக்கிறதோ அங்கெல்லாம் ராத்திரி ஷிப்டுக்காரர்கள் வரிசையாகப் படுத்துக் குறட்டை விட்டார்கள். வாசல் வேப்பமரத்தில் ஐந்து தொட்டில், உள்ளே உத்திரத்தில் மூன்று தொட்டில். தூக்கம் வராமல் பிரஷர் ஏறிக்கிடந்த வாத்தியார் ஒருவர் பக்கத்துத் தெருவிலிருந்து நாற்காலியோடு வந்தார். புரட்டாசி போய் ஐப்பசி வருவதற்குள் அதற்கு ஒரு முறைமையே ஏற்பட்டுவிட்டது: வேப்பமரத்தடி கைக்குழந்தைக்காரிகளுக்கு, கிழக்கு நிழல் பெண்களுக்கு, மேற்கு நிழல் ஆண்களுக்கு, குடித்துவிட்டு வந்தால் வாய்க்கால் ஓரம். வருகிறவர்கள் வெறுங்கையோடு வரவில்லை. தயிர் வந்தது, கச்சாயம் வந்தது, தீபாவளிக்குச் சேலை மூன்று வந்தது. அதுவரை சம்பூர்ணம் என்றால் ஃபிட்டர் பெண்டாட்டி, அவ்வளவுதான், இப்போது நாச்சிமுத்துவே வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, “என்ன அம்மிணி, ஓட்டமெல்லாம் எப்புடி?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

அவளுக்கும் அது பிடித்திருந்தது, பொய் சொல்லக் கூடாது. தங்காயியின் பேத்திக்கு நான்கு மாதம். கரண்ட் போனால் அழுது அழுது நீலம் பாரித்து மூச்சடைத்துப் போகிற குழந்தை. அதை அவள் தொடைமேல் குப்புறப் போட்டால் இருபது எண்ணுவதற்குள் கண் செருகிவிடும். அந்த மெத்தென்ற சிறு உடம்பின் கனத்தை மடியில் வாங்கிக்கொண்டு, வீதி முழுக்க நிம்மதியாகத் தூங்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். தூங்காதவள் அவள் ஒருத்திதான். ஊருக்குச் சத்தம் வெளியிலிருந்து கேட்டது, அவளுக்கு எலும்புக்குள்ளிருந்து கேட்டது. கரண்ட் இருக்கும்போதும், இல்லாதபோதும், சோறு பிசையும்போதும், பல்லடத்தில் கட்டிக்கொடுத்த மகளோடு போனில் பேசும்போதும், நிமிடத்துக்கு நூற்று அறுபது. படுத்தால் புரளுவாள், எழுந்தால் நடப்பாள், நடந்தால் நூல் அலமாரியில் அடுக்கியதையே மறுபடி அடுக்குவாள். கார்த்திகையில் எலுமிச்சை சாத்துக்குடி ஆயிற்று, மார்கழியில் உட்கார்ந்து எழுந்தால் தொடை இறுகி முழங்கால் மடங்க மறுத்தது. “வலிக்குதா?” என்பான் குழந்தைவேலு. “இல்லீங்” என்பாள். மறுபடி திருப்புளியை வைத்துக் கேட்பான். ஓட்டம் சுத்தமாகவே இருக்கும்.

தை மாதம் ஒரு மத்தியானம், வெளியே எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தபோது, அவன் தட்டில் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்.

“ஏனுங்க, தறி ஓடுனா துணி வருமல்லோங்?”

“வராமெ?”

“அஞ்சு மாசமா ஓடுதுங்க. துணி எங்கீங்க?”

குழந்தைவேலு பிசைந்த சோற்றை வாய்க்குக் கொண்டுபோகாமல் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தான். இருபத்தாறு வருஷத்தில் அவனிடம் தறியைப் பற்றி யாரும் கேட்டு, அவன் பதில் சொல்லாமல் இருந்ததில்லை. அன்றைக்குத் தட்டில் கை கழுவினான்.

மறுநாள் காலையிலேயே சம்பூர்ணம் யாரிடமும் சொல்லாமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் வரிசையில் உட்கார்ந்தாள். டாக்டர் ஜெசிந்தா சின்னப் பெண், வேலைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டாள், சத்தம் கேட்டது, அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. டேப்பை எடுத்துச் சுற்றளவு பார்த்தாள். கட்டியைப் பிடித்து அசைத்துப் பார்த்தாள். தொடையை இறுக்கச் சொல்லி, தளர்த்தச் சொல்லி, மறுபடி இறுக்கச் சொல்லி அழுத்தினாள்.

“எப்ப இருந்தும்மா?”

“ஆனியிலருந்துங். ஆனா வலியே இல்லீங்க டாக்டரு.”

“வலி இல்லங்கறத வெச்சு நிம்மதியா இருந்துட்டீங்க” என்றாள் ஜெசிந்தா. “எலுமிச்சம்பழத்தவிடப் பெருசா இருக்கு, தோலுக்குக் கீழ இல்லாம சதைக்குள்ள ஆழமா இருக்கு, மாசாமாசம் வளருது. இந்த மூணுல ஒண்ணு இருந்தாலே பாத்தாகணும், உங்களுக்கு மூணும் இருக்கு. இதுல நான் கை வைக்க மாட்டேன். கொழுப்புக் கட்டிதான், அஞ்சு நிமிசத்துல எடுத்துடறேன்னு யாராவது சொன்னா அவங்களையும் கை வைக்க விடாதீங்க. முதல்ல எம்.ஆர்.ஐ. அப்பறம்தான் எதுவும்.”

ஈரோட்டுக்குப் பஸ்ஸில் போகும்போது, அவள் வந்து காட்டிய டாக்டர் சீட்டையே குழந்தைவேலு ஜன்னலோரம் உட்கார்ந்து திரும்பத் திரும்பப் படித்தான். ஸ்கேன் மிஷினின் குழாய்க்குள் அவளைத் தள்ளினார்கள்; அது படார் படாரென்று ஒரு பாட்டுக்கு அடிக்க, தொடை சடக் லொடக்கென்று இன்னொரு பாட்டுக்கு அடிக்க, இரண்டுக்கும் நடுவில் சம்பூர்ணம் கண்ணை இறுக மூடிக்கொண்டு நாற்பது நிமிடம் கிடந்தாள். வெளியே வந்தபோது படம் எடுத்த பெண், “கொஞ்சம் சத்தம் போடாம இருந்திருக்கலாம்ல” என்று சலித்துக்கொண்டாள்.

புற்றுநோய் சர்ஜன் ஹபீபுல்லா படத்தை வெளிச்சப் பலகையில் மாட்டினார். தலை நரைத்த மனிதர், அவசரமே இல்லாத பேச்சு. கறுப்புத் தொடைக்குள், சதைகளுக்கு நடுவில், வெள்ளையாக, மடிப்பு மடிப்பாக, இடுக்கில் திணித்து வைத்ததுபோல் துணி இருந்தது. கரைகூடத் தெரிந்தது. காடாத் துணி என்று குழந்தைவேலுவுக்குப் பார்த்த மாத்திரத்தில் புரிந்துபோயிற்று.

“ஓட்டம் சுத்தமாத்தானுங்களே இருக்குது?” என்றான், கெஞ்சுகிற குரலில்.

“நல்லாத்தான் ஓடுது. யாரும் ஆர்டர் கொடுக்கல, நிறுத்துன்னா நிக்காது. நீங்க கேட்டது அதத்தான்” என்றார் டாக்டர். பேனாவால் படத்தில் ஒரு இடத்தைத் தொட்டார். “இது காலுக்குப் போற பெரிய ரத்தக்குழாய். துணி இப்ப இதத் தொட்டுட்டு நிக்குது, சுத்திக்கல. இப்பன்னா கால வெச்சுட்டே எடுக்கலாம். இன்னும் ரெண்டு மூணு மாசம் விட்டா, காலுக்கு நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். காலவிடப் பெரிய கவலை நெஞ்சு. இந்த ஜாதிக் கட்டி கிளம்புச்சுன்னா நேரா நுரையீரலுக்குத்தான் போகும்.”

அதற்கு முன்னால் ஊசி போட்டு ஒரு துளி சதை எடுக்க வேண்டும் என்றார். கட்டியில் ஊசி பட்டால் பரவிவிடும் என்று ஊரில் சொல்கிறார்களே என்று சம்பூர்ணம்தான் கேட்டாள். கண்ட இடத்தில் குத்தினால் தப்பு, நாளைக்குக் கத்தி எங்கே போகுமோ அந்தக் கோட்டிலேயே ஊசியையும் விட்டால், குத்தின தடத்தையும் சேர்த்தே வெட்டி எடுத்துவிடலாம் என்று சொல்லி, அவள் தொடையில் மையால் ஒரு கோடு போட்டுக் காட்டினார். பத்து நாளில் ரிசல்ட் வந்தது. சார்கோமா, சதையில் வருகிற புற்றுநோய், மூன்றாவது கிரேடு, வேகமான வகை. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் செல்லெல்லாம் நடுவில் பருத்து இரண்டு முனையும் கூம்பித் தார்க்கண்டு மாதிரி இருக்கிறது என்று டாக்டர் காகிதத்தில் வரைந்தார். நெஞ்சு ஸ்கேனில் இதுவரை ஒன்றும் இல்லை. இருபத்தைந்து நாள் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைக்க வேண்டும், ஐந்து வாரம் ஆறப்போட வேண்டும், அப்புறம் ஆபரேஷன்.

மாசி மாதம் முழுக்கத் தினம் பஸ் ஏறிப் போய்த் தொடையில் கரண்ட் வைத்துக்கொண்டு வந்தாள். தோல் கருத்து வெந்தது. எட்டாம் நாளிலிருந்து ஓட்டம் பிசக ஆரம்பித்தது. லோ வோல்டேஜில் திணறுகிற தறி மாதிரி நான்கு அடி அடிக்கும், இழுக்கும், நிற்கும், திடீரென்று மூச்சு முட்டுகிற வேகத்தில் பத்து அடி அடிக்கும். வேப்பமரத்தடியில் தூங்குகிறவர்கள் பாதித் தூக்கத்தில் எழுந்து உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். சரியாகத் தூங்காமல் ஷிப்டுக்குப் போன ஒருவனுக்கு பெல்ட்டில் சிக்கி ரெண்டு விரல் நசுங்கியது. தங்காயியின் பேத்தி தொடைமேல் போட்டாலும் அழுதது. அதுவரை அவளுக்கு வந்தது வியாதி என்று யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. இப்போது, நன்றாக ஓடிக்கொண்டிருந்த தறியை ஆஸ்பத்திரிக்காரர்கள் கெடுக்கிறார்கள் என்று சொன்னார்கள்.

பங்குனியில், கரண்ட் வைத்து முடித்து ஆறப்போட்டிருந்த நாட்களில், ஓட்டம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. அதுதான் வினை. ஆபரேஷனுக்கு நான்கு நாள் இருக்கும்போது வீதி திரண்டு வந்து வாசலில் நின்றது. சண்டைக்கு வரவில்லை, கைகட்டிக்கொண்டு வந்தது.

“ரெண்டே மாசம் பொறுத்துக்க அம்மிணி” என்றார் நாச்சிமுத்து. “வைகாசி முடியறதுக்குள்ள காத்தாலை சுத்தும், கரண்ட் வந்துரும். அப்பறம் நீ தாராளமா எடுத்துக்க, நானே காருல கூட்டிட்டுப் போறன். அந்த ஈரோட்டு டாக்டரு கட்டியச் சுத்தி நல்ல சதையையும் ரெண்டு வெரக்கட வெட்டோணுங்கறானாமா. நல்ல சதைய எதுக்கு வெட்டறது? எனக்கென்னமோ அவனுக்குத் தொழில் தெரியுமான்னே சந்தேகமா இருக்குது.”

தங்காயி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். குழந்தையைக் கொண்டுவந்து சம்பூர்ணத்தின் மடியில் போட்டாள். அது இரண்டு முறை விசும்பிவிட்டு, கட்டியின்மேல் கன்னத்தை வைத்துத் தூங்கிப்போயிற்று.

சம்பூர்ணத்துக்கு இல்லை என்று சொல்லிப் பழக்கமில்லை. இருபது வருஷமாக ஃபிட்டர் பெண்டாட்டியாக இருந்தவளை இந்த ஜனங்கள் ஆறு மாதம் ராணி மாதிரி வைத்திருந்தார்கள்; நேற்றுவரை மூச்சடைத்த குழந்தை இதோ தூங்குகிறது; ரெண்டு மாதம்தானே. டாக்டர் சொன்ன ரெண்டு மூன்று மாதமும் இந்த ரெண்டு மாதமும் ஒன்றுதான் என்று அவளுக்குத் தெரியாமலில்லை. தெரிந்தே, குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டு, உள்ளே தூணில் சாய்ந்து நின்ற குழந்தைவேலுவைத் திரும்பிப் பார்த்தாள்.

“ரெண்டு மாசம் பொறுக்கலாமுங்களா?”

அவன் வெளியே வந்தான். அவன் முகத்தைப் பார்த்து இரண்டு பேர் பின்னால் நகர்ந்தார்கள்.

“ஓட்டம் சுத்தம்னு சொன்னவன் நானுங்க” என்றான். “எனக்குத் தறி தெரியும். ஒடம்பு தெரியாது. தெரியாதுன்னு சொல்ல வாய் வராமெ, உங்க எல்லாத்து முன்னாலயும் தெரிஞ்ச மாதிரி சொல்லிப்போட்டன். என்ற பேச்சக் கேட்டு அஞ்சு மாசம் இவ சும்மா உக்காந்திருந்தா. என்ற காது தப்புங்க.”

நாச்சிமுத்து ஒரு அடி முன்னால் வந்து, “அப்ப எங்க தறிக்கெல்லாம் நீ சொன்னது?” என்றார்.

“அதையும் வேற ஆள வெச்சுப் பாத்துக்குங்க.”

சொல்லிவிட்டுக் குனிந்து, தூங்குகிற குழந்தையை எடுத்துத் தங்காயியின் தோளில் போட்டான். அது விழித்துக்கொண்டு கத்தியது. சம்பூர்ணம் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள். அந்த மனிதன் தன் பிழைப்பை வாசலில் வைத்துவிட்டான் என்று அவளுக்குத் தெரிந்தது. அதைவிட, இனி தனக்குத் தப்பிக்க வழியில்லை, போய்த்தான் ஆக வேண்டும் என்பது தெரிந்தது.

ஆபரேஷன் சித்திரை நான்காம் தேதி, ஐந்தரை மணி நேரம். சம்பூர்ணத்துக்கு எதுவும் தெரியாது. குழந்தைவேலுதான் பிறகு சொன்னான். தியேட்டருக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தானாம், உள்ளேயிருந்து சன்னமாக ஓட்டம் கேட்டுக்கொண்டே இருந்ததாம், மூடின ஸ்டீல் பாத்திரம் ஒன்றை ஒரு நர்ஸ் கையில் எடுத்துக்கொண்டு வர, அதற்குள்ளிருந்து சடக் லொடக்கென்று கேட்டதாம். எது மேல்பக்கம் எது பக்கவாட்டு என்று லேபில் தெரிவதற்காக மேலே குட்டை நூலும் பக்கத்தில் நெட்டை நூலும் தைத்து அனுப்புகிறோம் என்று நர்ஸ் சொன்னாளாம். தாழ்வாரம் திரும்புகிறவரை ஓடியது, அப்புறம் கேட்கவில்லை. தான் எழுந்து நின்றுகொண்டிருந்தது அப்போதுதான் அவனுக்குத் தெரிந்ததாம்.

பதினொன்றாம் நாள் டாக்டர் ரிப்போர்ட்டைப் பிரித்து, “எல்லா விளிம்பும் சுத்தம்” என்றார். அந்தச் சொல்லைக் கேட்டதும் குழந்தைவேலுவின் தோள் ஒரு தரம் குலுங்கியது. டாக்டர் அவனைப் பார்த்துவிட்டு, காகிதத்தைத் திருப்பி, கட்டிக்கும் வெட்டின ஓரத்துக்கும் நடுவில் நல்ல சதை எத்தனை மில்லிமீட்டர் இருக்கிறது என்று ஆறு பக்கமும் எழுதியிருந்ததை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து நெஞ்சைப் படம் எடுக்க வேண்டும், ரெண்டு வருஷத்துக்கு. அதற்குப் பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை.

வாக்கிங் ஸ்டிக்கோடு வீடு திரும்பியபோது வேப்பமரத்தில் தொட்டில் இல்லை. வீதி பகலெல்லாம் கண் சிவந்து திரிந்தது, எதிரில் வந்தால் நலம் விசாரித்தது, விசாரித்துவிட்டுச் சீக்கிரம் நகர்ந்தது. நாச்சிமுத்து பள்ளிபாளையத்திலிருந்து வேறு ஃபிட்டரைக் கொண்டுவந்தார். வைகாசியில் சொன்னதுபோலக் காற்று வந்தது, காற்றாலை சுற்றியது, கரண்ட் போகாமல் நிலைத்தது. நூற்று நாற்பது தறிகளும் பகலும் ராவும் ஓட, வாய்க்கால் வீதி கைகாலை நீட்டிப் படுத்துத் தூங்கித் தீர்த்தது. தங்காயியின் பேத்தி நன்றாக இருந்தது. ஆனிக்குள் ஊர் எல்லாவற்றையும் மறந்துவிட்டது. ஊர் அப்படித்தான், அதன்மேல் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது. குழந்தைவேலு வேலையில்லாமல் வீட்டிலேயே இருந்து அவளோடு தார் சுற்றினான். அவன் விரலுக்கு அது வரவே இல்லை, கண்டு கண்டாகச் சிக்கல் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

சம்பூர்ணத்துக்குத்தான் தூக்கம் வரவில்லை. தொடை அடங்கிவிட்டது; சதை போன இடத்தில் ஒரு பள்ளம், அவ்வளவுதான். ஆனால் நுரையீரலுக்குப் போகும் என்று டாக்டர் சொன்னது காதில் தங்கிவிட்டது. வீதியே தறி இரைகிற இரைச்சலில், தன் நெஞ்சுக்குள் ஏதாவது ஓடுகிறதா என்று எப்படிக் கேட்பது? இருமினால் பயந்தாள், இருமாவிட்டால் சந்தேகப்பட்டாள். முதல் மூன்று மாதப் படம் ஆடி மாதம் ஒரு வியாழக்கிழமை. அதற்கு முந்தின நாள், புதன்கிழமை, மாதம் ஒருதரம் லைன் வேலைக்காகக் கரண்ட் நிறுத்துகிற நாள். காலை ஒன்பது மணிக்கு நூற்று நாற்பது தறிகளும் நின்றன.

முன்பே சொல்லி நிறுத்துகிற நாள் என்பதால் வீதி பிள்ளைகுட்டிகளோடு வெளியூர் போயிருந்தது, எங்கும் அசைவில்லை. சம்பூர்ணம் நடுவீட்டில் நின்றுகொண்டு மூச்சைப் பிடித்தாள், விட்டாள், மறுபடி பிடித்தாள். உள்ளே ஏதோ இருந்தது. இதயமாகவும் இருக்கலாம். அவள் மூலையிலிருந்த டப்பாவைத் திறந்து திருப்புளியை எடுத்துக்கொண்டு வந்து குழந்தைவேலுவிடம் நீட்டி, முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தாள்.

“கேளுங்க.”

“வேண்டாம் சம்பூர்ணம்.”

“கரண்ட் வரதுக்குள்ள கேளுங்க. என்னால நாளைக்குவரைக்கும் தாங்க முடியாதுங்க.”

அவன் திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு, அவள் முதுகில், இடது தோள்பட்டைக்குக் கீழே, வெறும் காதை வைத்தான். அவள் மூச்சை இழுத்தாள். கண்ணை மூடியிருப்பான் என்று அவளுக்குத் தெரியும். வீதியில் ஒரு ஈ எறும்புச் சத்தம் இல்லை. ஒரு நிமிடம் போயிற்று, இரண்டு, மூன்று. அவன் தாடி முளைத்த கன்னம் ரவிக்கைக்கு மேலே முதுகில் குத்திக்கொண்டே இருந்தது.

“சொல்லுங்க” என்றாள். “என்ன இருந்தாலும் சொல்லுங்க.”

“என்னமோ கேக்குது” என்றான் குழந்தைவேலு. காதை எடுக்கவில்லை. குரல் அவள் முதுகுக்குள்ளிருந்து வந்தது. “அது என்னன்னு எனக்குத் தெரியாது புள்ள. எனக்குத் தெரியாது.”

சம்பூர்ணம் கையைப் பின்னால் கொண்டுபோய் அவன் தலையைப் பிடித்துக்கொண்டாள். அவன் அழுதுகொண்டிருந்தான், அவளுக்கு அழுகை வரவில்லை.

“ஆறே காலுக்கு மொத பஸ்ஸுங்க” என்றாள். “டாக்டரு பாத்துச் சொல்லட்டும்.”